ஒரே உலை, நாலு தட்டு: உங்கள் உடம்புக்கு எது எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது

நம் வீடுகளில் அரிசி களையும்போது ஆளுக்கு இவ்வளவு என்று தனித்தனியாக யாரும் அளப்பதில்லை. நாலு பேருக்கு இத்தனை ஆழாக்கு, யாராவது வந்தாலும் வரலாம் என்று மேலே ஒரு கை, அவ்வளவுதான். குழம்பு ஒன்று, ரசம் ஒன்று, பொரியல் ஒன்று. ஆனால் சாப்பிட உட்காருகிற நாலு பேருடைய உடம்பும் ஒன்றல்ல. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 50 வயது, காலையிலிருந்து இரவு வரை கடைக் கல்லாவில் உட்கார்ந்தே இருப்பவர், சர்க்கரை எல்லையில் நிற்கிறது. அம்மாவுக்கு 45, மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை, கொஞ்ச நாளாக ரத்தப்போக்கு அதிகம். மகளுக்கு 17, பிளஸ் டூ. பாட்டிக்கு 72, பல் சரியில்லை, எதைக் கொடுத்தாலும் "எனக்கு ரசம் சாதமே போதும்" என்பார். இந்த நாலு பேரில் இரண்டாவது கரண்டி குழம்பும் கூடுதல் முட்டையும் யார் தட்டுக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்குப் பார்த்தால் அது போக வேண்டிய தட்டு பெரும்பாலும் வேறாக இருக்கும்.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதுதான் இங்கே. காலை ஏழு மணிக்கு இது, பதினொன்றுக்கு அது என்று டயட் சார்ட் எதுவும் கிடையாது. எடை பார்க்கும் மெஷின், இன்ச் டேப், சமையலறையில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு (சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்), ஒரு நோட்டு, போன மாத மளிகைச் சீட்டு. இவ்வளவு போதும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. சிறுநீரகத்தில் பிரச்சினை இருப்பவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், கர்ப்பிணிகள், காரணமே தெரியாமல் எடை குறைந்துகொண்டு வருபவர்கள், இவர்கள் தாங்களாகக் கணக்குப் போட்டு சாப்பாட்டை மாற்ற வேண்டாம். சிறுநீரகம் பழுதானவருக்குப் புரதத்தைக் கூட்டுவது, இளநீரும் வாழைப்பழமும் நிறையக் கொடுப்பது எல்லாம் ஆபத்தில் முடியலாம், இன்சுலின் போடுகிறவர் திடீரென்று சோற்றைப் பாதியாகக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் போட்டு விழலாம். அவர்கள் கீழே சொல்கிறபடி நோட்டை மட்டும் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோகட்டும், அதுவே பெரிய உதவி.

முதலில் உடம்பை அளப்போம்

எடையைக் காலையில், கழிப்பறை போய்விட்டு வந்து, ஏதும் சாப்பிடுவதற்கு முன் பாருங்கள். ஒரே நாள் எடையை நம்பாதீர்கள். முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமும் கூடினாலே உடம்பில் தண்ணீர் தங்கி முக்கால் கிலோ, ஒரு கிலோ ஏறி இறங்கும். ஒரு வாரம் பார்த்து சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தை சுவரில் கோடு போட்டு அளக்கலாம். எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு முறை வகுத்தால் பிஎம்ஐ. உயரம் 155 செ.மீ., எடை 62 கிலோ என்றால் 62 ÷ 1.55 ÷ 1.55 = 25.8. வெளிநாட்டு ஆப்களில் 25 வரைக்கும் பச்சை நிறம் காட்டும், அதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இந்தியர்களுக்கு 23-இலிருந்தே கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்றுதான் இங்கே மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அதே எடையில் நமக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு, சர்க்கரையும் சீக்கிரம் வந்துவிடுகிறது.

அதைவிட முக்கியம் வயிற்றுச் சுற்றளவு. பேன்ட் அளவைச் சொல்லாதீர்கள், பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே போடுகிற ஊர் இது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்டுவிட்டு, எக்காமல் அளவு பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் உள்ளே கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கைகால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் வந்து, பிஎம்ஐ 22 என்று சந்தோஷப்படுகிறவர்கள் நம்மிடம் நிறைய. அவர்களுக்கு இந்த டேப்தான் உண்மையைச் சொல்லும்.

கலோரி தோராயமாகத் தெரிந்தால் போதும்

இந்தியர்களுக்கு எந்தச் சத்து எவ்வளவு வேண்டும் என்று நிர்ணயிப்பது ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் நம் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்துக்குள் ஒற்றை அறையில் தொடங்கிய பெரிபெரி (பி1 சத்துக் குறைவால் வரும் நோய்) ஆய்வுதான் வளர்ந்து இப்படி ஆனது, 1958-இல்தான் ஐதராபாத்துக்குப் போனது. அவர்கள் 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி, 65 கிலோ எடையுள்ள, உட்கார்ந்தே வேலை செய்கிற ஆணுக்கு நாளைக்குச் சுமார் 2110 கலோரி, நடுத்தர உழைப்பு என்றால் 2710, மூட்டை தூக்குவது மாதிரி கடின உழைப்பு என்றால் 3470. 55 கிலோ பெண்ணுக்கு இதே வரிசையில் 1660, 2130, 2720. உட்கார்ந்த வேலைக்கும் கடின வேலைக்கும் நடுவே ஆணுக்கு 1300 கலோரிக்கு மேல் வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். ஏரோட்டிய தாத்தா ஒரு வேளைக்கு சாப்பிட்ட சோற்றை, கல்லாவில் உட்காருகிற பேரன் மூன்று வேளை சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது இந்த எண்ணிலேயே இருக்கிறது.

உங்கள் சொந்த எண் வேண்டுமென்றால் மிஃப்லின் சூத்திரம் இருக்கிறது: எடையை 10-ஆல் பெருக்குங்கள், உயரத்தை (செ.மீ.) 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள், ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். நம் அம்மாவுக்கு (மேலே பார்த்த 155 செ.மீ., 62 கிலோ அவருடையதுதான்) 620 + 969 − 225 − 161, ஆக 1200 சொச்சம். இது சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிப்பது. உட்கார்ந்த வாழ்க்கை என்றால் இதை 1.4-ஆல் பெருக்கினால் 1685 வாக்கில் வரும். இது வெளிநாட்டு ஆட்களை வைத்து உருவாக்கிய சூத்திரம், நம்மவர்களுக்குக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதனால் 1600 என்று வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு (168 செ.மீ., 74 கிலோ) இதே வழியில் 2000 பக்கம் வரும். 17 வயது மகளுக்கோ இந்த சூத்திரமே ஆகாது, வளர்கிற வயது. தேசிய நிறுவனத்தின் கணக்கு 16 முதல் 18 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு 2500 கலோரி வரை சொல்கிறது. அதாவது வீட்டிலேயே அதிகம் தேவைப்படுகிற ஆள் "வெயிட் போட்டுடுவேன்" என்று ஒன்றரை தோசையோடு எழுந்துபோகிற அந்தப் பெண்தான்.

இந்த எண்களை எல்லாம் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். புரதத்தில் பாருங்கள், சராசரித் தேவை கிலோவுக்கு 0.66 கிராம், ஆனால் பரிந்துரை 0.83 கிராம். யாருக்கும் குறைந்துவிடக்கூடாது என்று கிட்டத்தட்ட எல்லோருக்கும் போதுமான அளவுக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒரே வயது, ஒரே எடையில் இருக்கிற அக்கா தங்கைக்கே தேவை வேறுபடும். ஆக எண் என்பது ஆரம்பிக்க ஒரு இடம், அப்புறம் மூன்று மாதத்தில் எடை, இடுப்பு, ரத்தம் என்ன சொல்கிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

மளிகைச் சீட்டை எடுங்கள்

நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்டால் எல்லோரும் கொஞ்சம் நல்லபடியாகத்தான் சொல்வார்கள், மளிகைச் சீட்டு அப்படிச் சொல்லாது. மாதம் வாங்குவதை ஆள் எண்ணிக்கையாலும் 30-ஆலும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வந்துவிடும். நாலு பேர் வீட்டுக்கு 120-ஆல் வகுக்க வேண்டும்.

25 கிலோ அரிசிச் சிப்பம் ஒரு மாதத்துக்கு ஆகிறது என்றால் ஆளுக்கு 208 கிராம். இட்லி அரிசி, கோதுமை மாவு, ரவை, சேமியா எல்லாம் சேர்த்தால் 300-ஐத் தாண்டும். எண்ணெய் எல்லா வகையும் சேர்த்து 5 லிட்டர் என்றால் ஆளுக்கு 38 கிராம், கடையில் வாங்கித் தின்கிற வடை பஜ்ஜி இதில் சேராது. உப்பு ஒரு கிலோ என்றால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். சர்க்கரை 4 கிலோ என்றால் 33 கிராம். பருப்புக்கு வாருங்கள், இங்கேதான் விஷயம் இருக்கிறது. துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் சேர்த்து 3 கிலோ வாங்கினால் ஆளுக்கு 25 கிராம்தான். ரேஷனில் ஒரு அட்டைக்குக் கொடுக்கிற ஒரு கிலோ துவரம்பருப்பை மட்டும் நம்பியிருக்கிற வீடு என்றால் 8 கிராம்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கலோரிக்கு ஒரு நாள் தட்டு என்று வகுத்திருக்கிறது. தானியம் 250 கிராம் (சிறுதானியமும் இதற்குள்தான்), பருப்பு பயறு 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மி.லி., கடலை எள் மாதிரி வித்துகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைக்காத எடை. பருப்பில் ஒரு பங்குக்குப் பதில் முட்டையோ மீனோ கறியோ வைத்துக்கொள்ளலாம். இதை உங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான தமிழ் வீடுகளில் அரிசி, எண்ணெய், உப்பு ஒரு பக்கம் வழிந்துகொண்டிருக்கும், பருப்பு, காய், பழம் மூன்றும் பாதியைக்கூடத் தொடாது.

மூன்று நாள் எழுதுங்கள்

சீட்டு வீட்டின் சராசரியைச் சொல்லும், உங்கள் தட்டைச் சொல்லாது. அதற்கு நோட்டு. இரண்டு வேலை நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாயில் போன எல்லாம் எழுத வேண்டும், குழந்தை மிச்சம் வைத்தது, சமைக்கும்போது ருசி பார்த்தது, ஆபீஸில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த கேக் உட்பட. ஒவ்வொரு வேளையும் தராசை வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம், வீட்டுக் கரண்டியை ஒரே ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும். சாதக்கரண்டியால் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் போட்டு எடை பாருங்கள், நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். வடித்த சாதம் 100 கிராமுக்கு 130 கலோரி, புரதம் இரண்டரை கிராம் வாக்கில். எண்ணெய் ஒரு டீஸ்பூனுக்கு 45 கலோரி, தோசைக்கு ஊற்றும் எண்ணெயை எண்ணாமல் விட்டால் மூன்று தோசைக்கு 130 கலோரி காணாமல் போய்விடும்.

நம் அம்மாவின் ஒரு நாளைப் பார்ப்போம், புரதத்தை மட்டும். காலை காபி, பால் 100 மி.லி.: 3 கிராம். நாலு இட்லி: 7, 8 கிராம். அதோடு கொஞ்சம் சாம்பார்: ஒன்றரை. மதியம் 100 கிராம் அரிசியை வடித்த சாதம்: 8. சாம்பார்: இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம் இருக்கிறது, அந்த 100 கிராமைத்தான் வேக வைத்து நாலு பேருக்குச் சாம்பார் வைத்திருக்கிறார்கள், ஆக ஆளுக்கு ஐந்தரை. அதுவும் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றினால். கடைசியில் சாப்பிட உட்காருகிற அம்மாவுக்கு மிஞ்சுவதைப் பொறுத்து நாலு என்று வைத்துக்கொள்வோம். ரசத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் கிடையாது. பொரியல்: 2. தயிர் 100 கிராம்: 3. சாயங்காலம் காபியும் இரண்டு பிஸ்கட்டும்: 4. ராத்திரி மூன்று தோசை: 7. மொத்தம் 40-ஐ ஒட்டி நிற்கிறது.

அவருக்கு எவ்வளவு வேண்டும்? தானியத்திலிருந்தே பெரும்பகுதி புரதம் கிடைக்கிற நம் சாப்பாட்டில், அதன் தரம் சற்றுக் குறைவு என்பதால், கிலோவுக்கு 1 கிராம் என்று வைப்பது நல்லது. எடை கூடுதலாக இருப்பவர்கள் இருக்கிற எடைக்குக் கணக்குப் போட வேண்டாம், உயரத்துக்கு உரிய எடைக்குப் போடுங்கள். 1.55 × 1.55 × 22, அதாவது 53 கிலோ. அப்படியானால் 53 கிராம். பற்றாக்குறை 13. இதை இட்டு நிரப்ப பவுடர் டப்பா தேவையே இல்லை. இரண்டு முட்டை 12 கிராம். சைவம் என்றால் 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்த சுண்டல் ஐந்தரை கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை (30 கிராம்) 7 கிராம். மீல்மேக்கர் 25 கிராம் போட்டால் அதிலேயே 13 வந்துவிடும். மத்தி மீனோ கோழியோ 100 கிராம் என்றால் 18 முதல் 20. ஆனால் ஒன்று, இதைச் சேர்க்கும்போது அந்தக் கலோரி அளவுக்கு வேறு எதையாவது எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் 1600 என்பது 1850 ஆகிவிடும். வேர்க்கடலை 155 கலோரி, அந்த நாளில் ஒரு தோசையும் பிஸ்கட்டும் போகட்டும்.

பாட்டியின் நோட்டு இன்னும் மோசமாக இருக்கும். ரசம் சாதம், மோர் சாதம், ராத்திரி இரண்டு இட்லி என்று போனால் 25, 30 கிராம் தேறினால் பெரிய விஷயம். வயதாக ஆகத் தசை கரைகிறது, அதனால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று முதியோர் மருத்துவம் பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள், சிறுநீரகம் நன்றாக இருக்கும் பட்சத்தில். பசி குறைவு, பல் இல்லை, அதனால் அளவைக் கூட்ட முடியாது, உள்ளே இருப்பதை அடர்த்தியாக்கத்தான் முடியும்: ரசத்துக்குப் பதில் குழைந்த பாசிப்பருப்பு, கஞ்சியில் தண்ணீருக்குப் பதில் பால், அரைவேக்காடு இல்லாமல் நன்றாக வேகவைத்து மசித்த முட்டை.

சிறுதானியத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உடனே எல்லோரும் சாமைக்கும் வரகுக்கும் ஓடுகிறார்கள். கேழ்வரகு 100 கிராமுக்கு 320 கலோரி, அரிசி 355 பக்கம். பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. அரிசிக்குப் பதிலாகக் கொஞ்சம் கேழ்வரகு என்றால் நல்லது, நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கூடும், ஆனால் "மில்லட்தானே" என்று நாலு களி உருண்டையை உள்ளே தள்ளினால் எடையும் சர்க்கரையும் இறங்காது.

இரும்பு, சுண்ணாம்பு, பி12, டி

எல்லாச் சத்தையும் எண்ணிக்கொண்டிருந்தால் சமையல் நடக்காது. நம்மிடையே அடிக்கடி குறைகிற நாலைப் பார்த்தால் போதும்.

இரும்பு வயது வந்த ஆணுக்கு நாளைக்கு 19 மி.கி., மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு 29, மகள் வயதில் 32. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகத்தான் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, ஆக உங்கள் வீட்டில் இல்லை என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள். கீரை, கம்பு, பயறு எல்லாவற்றிலும் இரும்பு இருக்கிறது, உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். கூட வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக எடுக்கும், காபி டீ இருந்தால் குறைவாக எடுக்கும். ஆகவே சாப்பாட்டில் எலுமிச்சை பிழியுங்கள், ஒரு நெல்லிக்காய் சேருங்கள், சாப்பிட்ட கையோடு குடிக்கிற அந்த டபரா காபியை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். செலவே இல்லாத மாற்றம் இது. காலை டிபனும் காபியும் சேர்ந்தேதான் போகும் என்பவர்கள் மதியச் சாப்பாட்டை ஒட்டியாவது காபி குடிக்காமல் இருங்கள். அதோடு, ரத்தப்போக்கு அதிகமாக இருக்கும் அம்மாவுக்குக் கீரையை மட்டும் கொடுத்து ஈடுகட்ட முடியாது, போவதை நிறுத்த மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பையிலேயே வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சுண்ணாம்புச்சத்து பெரியவர்களுக்கு 1000 மி.கி., மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் அறுபது கடந்தவர்களுக்கும் 1200. பால் 300 மி.லி. குடித்தால் 360 வாக்கில். 60 கிராம் கேழ்வரகு மாவில் 220 பக்கம். ஒரு மேஜைக்கரண்டிக்கும் கொஞ்சம் கூட, 10 கிராம் எள்ளில் 120 சொச்சம், இட்லிப்பொடியில் எள்ளைத் தாராளமாக வறுத்துப் போட்டால் நடக்கிற காரியம். முள்ளோடு தின்கிற நெத்திலியும் முருங்கைக்கீரையும் நல்ல கணக்கு.

பி12 தாவர உணவில் நம்பும்படியாகக் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறி இவைதான் வழி. பாலும் தயிரும் குறைவாக எடுக்கிற சைவர்கள், பல வருடமாக மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிற சர்க்கரை நோயாளிகள், அசிடிட்டிக்கு என்று வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்கள், இந்த மூன்று கூட்டமும் இதைப் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. கால் மரத்துப்போவதை எல்லாம் "சுகர்தான்" என்று ஒதுக்கிவிட்டு இருப்பவர்களில் சிலருக்கு பி12 குறைவாக இருக்கும்.

வைட்டமின் டி வெயிலில். விடிகாலை வாக்கிங்கில் அல்ல, நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழுகிற நேரத்து வெயிலில். கருத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கூடத் தேவை. நாளெல்லாம் ஏசி அறையில் இருப்பவர்கள் ரத்தத்தில் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னால் மாத்திரை, இதில் வீரம் காட்டி அதிகம் விழுங்கக் கூடாது, டி உடம்பில் சேர்ந்து நஞ்சாகிற வைட்டமின்.

எந்தப் பரிசோதனை, எது வெறும் செலவு

80 டெஸ்ட், 100 டெஸ்ட் என்று தள்ளுபடியில் வருகிற முழு உடல் பேக்கேஜ் வேண்டியதில்லை. ஹீமோகுளோபின் (முழு ரத்த எண்ணிக்கையோடு), வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொழுப்பு, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), தேவைப்படுபவர்களுக்கு பி12, டி. அவ்வளவுதான். ஹீமோகுளோபின் ஆணுக்கு 13-க்குக் கீழ், பெண்ணுக்கு 12-க்குக் கீழ், கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழ் போனால் ரத்தசோகை. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் எல்லையில் நிற்கிறீர்கள், 6.5 ஆனால் சர்க்கரை நோய். ஹீமோகுளோபினும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பார்க்கலாம்.

முடியை வெட்டி அனுப்பினால் என்ன சத்து குறைகிறது என்று சொல்வோம், டிஎன்ஏ பார்த்து உங்களுக்கே உங்களுக்கான டயட் தருவோம், ரத்தத்தில் பார்த்து இருநூறு உணவில் எது ஒத்துக்கொள்ளாது என்று பட்டியல் தருவோம் என்றெல்லாம் விற்கிறார்கள். இவற்றில் பணத்தைப் போடுவதற்குப் பதில் அந்தக் காசில் ஒரு வருடத்துக்கு முட்டை வாங்கலாம் என்பது என் கட்சி. அதேபோல் நியூட்ரிஷனிஸ்ட் என்று போர்டு வைத்தவர் முதல் சந்திப்பிலேயே தன்னிடமுள்ள ஷேக் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டயட்டீஷியன்கள் இருக்கிறார்கள், மூன்று நாள் நோட்டும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் போட்டுக்கொள்கிற மாத்திரைகளின் அட்டையும் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மாத்திரை என்றதும் இன்னொன்று. தைராய்டு மாத்திரையும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் ஒன்றாகப் போடக் கூடாது, நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும் காலையிலேயே ஒரே வாயில் விழுங்கிவிட்டு "மாத்திரை போட்டும் தைராய்டு இறங்கலியே" என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

பரிமாறும்போது மாற்றுங்கள்

நாலு பேருக்கு நாலு சமையல் யாராலும் முடியாது, முடியவும் வேண்டாம். உலை அதேதான், கரண்டி மட்டும் மாறட்டும். சமைக்கும்போது இரண்டே மாற்றம்: சாம்பாருக்குப் போடும் பருப்பை இரட்டிப்பாக்குங்கள், காயை இரண்டு மடங்கு நறுக்குங்கள். அப்புறம் பரிமாறும்போது அப்பாவுக்கு முதலில் பொரியலும் கூட்டும், சாதம் அதற்குப் பின் அளந்து இரண்டு கரண்டி, மறுசோறு கேட்டால் மறுபடி கூட்டு. சாதத்தை நடுவில் மலையாகக் குவித்து ஓரத்தில் பொட்டு மாதிரிப் பொரியல் வைக்கிற வழக்கத்தைத் தலைகீழாக்குங்கள், அவ்வளவுதான். மகளுக்கு சாதம் குறையாமல், அதோடு முட்டை, பள்ளிக்குக் கடலையோ சுண்டலோ டப்பாவில். பாட்டிக்கு சாம்பாரின் அடிக்கெட்டியை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், உப்பு காரம் முழுதாகச் சேரும் முன் எடுத்தால் அவருடைய ரத்த அழுத்தத்துக்கும் நல்லது. அம்மாக்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருவதை நிறுத்த முடியாத வீடு என்றால், அவருடைய முட்டையையும் கூட்டையும் முன்பே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள், அதை யாரும் தொடக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை மாற்ற வேண்டாம். முதல் இரண்டு வாரம் காபியைத் தள்ளிவைப்பதும் பருப்பைக் கூட்டுவதும் மட்டும் செய்யுங்கள், அது பழகினதும் சாதத்தில் கை வையுங்கள்.

மறுபடி எப்போது பார்ப்பது

எடை வாரம் ஒருமுறை, இடுப்பு மாதம் ஒருமுறை. எச்பிஏ1சியை மூன்று மாதத்துக்கு முன் திரும்பப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, ரத்த சிவப்பணுவின் ஆயுளே 120 நாள் வாக்கில், அந்தக் காலத்துச் சராசரியைத்தான் அது காட்டும். ரத்தசோகைக்கு மாத்திரை ஆரம்பித்தவர்கள் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம், ஏறவே இல்லையென்றால் வயிற்றுப் புழு, உள்ளே எங்காவது ரத்தக் கசிவு, மாத்திரையைச் சரியாகப் போடாதது என்று காரணம் தேட வேண்டும். எடை மூன்று மாதமாக நகரவே இல்லை, குறைக்க வேண்டியவர் நீங்கள் என்றால், சூத்திரம் உங்களுக்குக் கூட்டிக் காட்டியிருக்கிறது, நாளைக்கு 150 கலோரி குறைத்துப் பாருங்கள். எடை குறைகிறது ஆனால் படி ஏறினால் கால் நடுங்குகிறது, முடி கொட்டுகிறது என்றால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள், புரதத்தையும் சேர்த்தே வெட்டியிருப்பீர்கள், நோட்டைத் திறந்து பாருங்கள்.

கணக்கை முதலிலிருந்து போட வேண்டிய சமயங்களும் உண்டு: எடை ஐந்து கிலோ ஏறினாலோ இறங்கினாலோ, மாதவிடாய் நின்றால், புதிதாக நாள்பட்ட மாத்திரை ஏதும் ஆரம்பித்தால், நின்று செய்யும் வேலையிலிருந்து உட்காரும் வேலைக்கு மாறினால், பிள்ளை விடுதிக்குப் போனால். விடுதிக்குப் போகிற மகளிடம் இந்த நோட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், அங்கே மெஸ்ஸில் கிடைக்கிற சாம்பாரில் பருப்பைத் தேடுவதைவிட அறையில் ஒரு டப்பா வறுத்த கடலையும், ராத்திரி மெஸ்ஸில் வாங்கிக்கொள்கிற ஒரு டம்ளர் பாலும் நம்பகமான ஏற்பாடு.